கீழூர் வாக்கெடுப்பும் மக்கள் விருப்பமும்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளுள் சேலமும் பாரமகாலும் அடங்கும். அலெக்சாண்டர் ரீடும் தாமசு மன்றோவும் வந்து நிலத்தை அளந்தனர், வரி விதித்தனர். எடப்பாடி வட்டாரத்து உழவரிடமோ நெசவாளரிடமோ அவர்தம் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை. நாடுகள் கைமாறிய அக்கால முறை அதுவே.

162 ஆண்டுகளுக்குப் பின்னர்ப் புதுவையை அடுத்த கீழூரில் அக்கேள்வி கேட்கப்பட்டது. ஆயினும் அது யாரிடம் கேட்கப்பட்டது என்பது ஆராய்தற்குரியது.

பிரெஞ்சுக் குடியேற்றங்களின் எதிர்காலத்தை அவற்றின் மக்களே முடிவு செய்வர் என 1948 சூனில் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. அதன்படி 1949 சூன் 19இல் சந்திரநாகூர் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். இணைப்புக்கு 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் கிடைத்தன. புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கிலும் அவ்வாறு நிகழவில்லை. வாக்கெடுப்பு நேர்மையாக நடைபெறுமா என்ற பூசல் நீண்டது. 1952இல் இந்தியா பொது வாக்கெடுப்பைக் கைவிட்டு நேரடி ஒப்படைப்பைக் கோரியது.

வ. சுப்பையா முதலியோர் வளர்த்த விடுதலை இயக்கம் ஒருபுறம் வலுத்தது. 1954 மார்ச்சில் எதுவார் குபேரும் இணைப்பின் பக்கம் வந்தார். மே 7இல் வியத்நாமின் தியன் பியன் பூ வீழ்ந்தது. பிரான்சு தன் ஆசிய நிலைகளை மறுஎண்ணம் செய்ய நேர்ந்தது. மெந்தேசு பிரான்சு தலைமையமைச்சரான பின் பேச்சு விரைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது.

எனவே கீழூரில் வாக்களித்தோர் மக்கள் அல்லர், மக்களின் பிரதிநிதிகள். 1948இல் அளித்த வாக்குறுதிக்கு இது ஈடாகாது என்பது உண்மை. எனினும் 1792ஐ நோக்க இது நெடுந்தொலைவு முன்னேற்றம் என்பதும் மறுக்கவொண்ணாதது.

அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை எனலாம். இப்பகுதிகளின் அரசியலமைப்பு நிலையில் செய்யப்படும் எம்மாற்றமும் மக்கள் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என அது கூறிற்று. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி எனவும் விதித்தது. அம்முடிவின் உரிமை கொண்டே 1965ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. உடன்படிக்கை 1962 ஆகத்து 16இல் முழு நடைமுறைக்கு வந்தது.

1979 சனவரியில் புதுவையைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் கருத்து எழுந்தபோது மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர், கருத்து கைவிடப்பட்டது. இரு பகுதிகளும் பேசுவது தமிழே. ஆயினும் மொழி ஒன்று என்பதனாலேயே இசைவும் உண்டு எனக் கொள்ளலாகாது. அதனைக் கேட்டே பெறவேண்டும் என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று. தமிழின் பெயரால் பேசுவோர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.