சிட்ரின்

சிட்ரின், குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் படிகக் கல். ஆற்று மணலில் இருக்கும் சிலிக்காவேதான் இதுவும். துளி இரும்பு கலந்ததால் பெரும்பாலும் இந்த நிறம். எலுமிச்சை மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை கிடைக்கும். கடினத்தன்மை 7.

குவார்ட்ஸ் எப்படி விளைகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. புனேவை அடுத்த கடக்வாஸ்லா அணையைச் சுற்றிய குன்றுகள் பாசால்ட் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு குளிர்ந்தபோது, உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் குழிகளாக நின்றன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றில் கசிந்து, படிகங்கள் வளர்ந்தன. மகாராஷ்டிரப் பாறைக்குழிகளில் குவார்ட்ஸும் செவ்வந்திக்கல்லும் கிடைப்பது இப்படித்தான்.

ஆனால் கடைக்கு வரும் சிட்ரினில் பெரும்பங்கு பிரேசிலுடையது. அங்கே ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்திலும் இதே வகைப் பாறைதான். வயது மட்டும் இரு மடங்கு. அதன் குழிகளில் விளையும் ஊதா நிறச் செவ்வந்திக்கல்லைச் சூளையில் சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். அப்படி மாறிய கொத்தில் நுனிகள் ஆரஞ்சாகவும் அடி வெளுத்தும் இருக்கும். இயற்கை சிட்ரின் அரிது. பெரும்பாலும் வெளிறிய, லேசாகப் புகை படிந்த மஞ்சள்.

1912-இல் அமெரிக்க நகை வணிகர்கள் பிறப்புக்கல் பட்டியல் வகுத்தபோது நவம்பருக்குரியது டோபாஸ். சிட்ரின் 1952-இல்தான் சேர்ந்தது. மாதக் கல் என்பது பழைய நம்பிக்கைதான். ஆனால் இன்றைய பட்டியல் வியாபாரிகள் போட்டது.

நம்மவர் கணக்கு வேறு. நவரத்தினத்தில் குருவுக்கு உரியது புஷ்பராகம், அதாவது மஞ்சள் சஃபையர். வியாழக்கிழமை, தங்கத்தில் கட்டி, ஆள்காட்டி விரலில் அணிவது வழக்கம். இலங்கை இரத்தினபுரிக் கல்லுக்கு மவுசு அதிகம். அதை வாங்க வசதியில்லாதவர்களுக்கு உபரத்தினமாகச் சொல்லப்படுவது சிட்ரின். வடக்கே அதற்குச் சுனேலா என்று பெயர். அந்த அளவில் குறையொன்றுமில்லை. சிட்ரினையே 'கோல்டன் டோபாஸ்' என்று விற்பதுதான் வம்பு.

எடை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அளவிலும் வடிவிலும் பட்டை தீட்டிய கற்களில் சிட்ரின் 1 காரட் என்றால், டோபாஸ் ஏறக்குறைய 1.3 காரட், புஷ்பராகம் 1.5 காரட்.