இல்லறச் சொத்தில் இல்லாளின் பங்கு

சங்கரன்கோவில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறி ஓடும் வீடுகளில் தறி பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும், இடையே உலை வைப்பதும் மனைவியின் கைகள். கூலியோ கணவன் கையில் வந்து சேர்கிறது. அதில் மிச்சம் பிடித்து ஒரு மனை வாங்கினால், அது யாருடையது? இல்லறம் இனிது நடக்கும் வரை இவ்வினா எழுவதில்லை. மனம் முறிந்து பிரியும் நாளில் அது நீதிமன்ற வாயிலில் வந்து நிற்கிறது. இதற்குச் சட்டம் விடை தேடிய வரலாறு நீண்டது.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் கணவனும் மனைவியும் ஓராள்; அந்த ஓராள் கணவனே. மணமான அன்றே மனைவியின் பணமும் பொருளும் அவனுடையவை ஆயின. அவளுடைய நிலத்தை ஆளும் உரிமையும் அவனிடம் சென்றது. இக்கடுமையைத் தணித்தது சான்சரி நீதிமன்றம். சட்டத்தின் எழுத்து அநீதி விளைவிக்கும் இடத்தில் மனச்சான்றின்படி பரிகாரம் அளிப்பது அதன் பணி; அந்நெறியை நேர்மைநெறி எனலாம். நெடுங்காலம் அதன் தலைவர்களாகப் பெரும்பாலும் ஆயர்களே இருந்தனர். 1529 முதல் 1532 வரை அப்பதவியை வகித்தவர் பொதுநிலையினரான புனித தாமஸ் மூர். மகளுக்கெனத் தந்தை அளிக்கும் சொத்தை அறங்காவலரிடம் ஒப்படைத்து, கணவன் கை படாமல் காக்கும் முறையை அந்நீதிமன்றம் பிற்காலத்தில் வளர்த்தது. ஆனால் அது செல்வர் வீட்டுப் பெண்களுக்கே பயன்பட்டது. மற்றவர்கள் 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டில் 1865-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கிலாந்தை முந்திக்கொண்டது. திருமணத்தால் ஒருவர் மற்றவர் சொத்தில் உரிமை அடைவதில்லை என்று அது விதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்திய இவ்விதி, 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவாக இன்றும் நிலைக்கிறது. ஆயினும் 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம், பிறழ்ந்த மனைவியின் சொத்தைக் கணவன் அல்லது பிள்ளைகளின் நலனுக்கு ஒதுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. பிறழ்ந்த கணவனுக்கு இதற்கு இணையான விதி இல்லை. ஒருதலையான இந்த 39-ஆம் பிரிவு 2001-இல்தான் நீக்கப்பட்டது.

பிறந்த வீட்டுச் சீர் கணவன் வீட்டில் இருப்பதாலேயே அவனுடையது ஆகிவிடாது. அவன் அதன் காவலனே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தன்னுடையது என்று காட்ட ஏதேனும் உள்ளவளுக்கு இவையெல்லாம் அரண். உழைப்பை மட்டுமே தந்தவளுக்கு அரண் எது?

2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தது. கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் பொருளீட்டினார். மனைவி ஊரில் குடும்பத்தையும் பிள்ளைகளையும் காத்தார். கணவர் திரும்பியபின் சொத்துக்களைப் பற்றிய பூசல் வழக்காயிற்று. மனைவி வீட்டைத் தாங்காவிடில் கணவர் கடல் கடந்து பொருளீட்டியிருக்க முடியாது என்று நீதியரசர் கண்டார். இல்லாளின் பங்களிப்பை ஏற்கும் தனிச்சட்டம் இல்லை. ஆனால் அதை ஏற்கக் கூடாதென நீதிபதியைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்றார். இருவர் முயற்சியால் சேர்ந்தவை என்று கண்ட சொத்துக்களில் மனைவிக்குச் சமபங்கு உண்டென்று தீர்ப்பளித்தார். பழைய சான்சரியின் மனச்சான்று தமிழ் மண்ணில் பேசிய நாள் அது.

ஆனால் இது ஒரு வழக்கின் தீர்ப்பு; சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று. நேர்மைநெறியின் பெருமையும் அதன் குறையும் ஒன்றே: அது நீதிபதியின் மனத்தைச் சார்ந்தது, அதுவும் பல்லாண்டு வழக்காடி, செலவு தாங்கி, கடைசி வரை நிற்கக் கூடியவளுக்கே கிட்டுவது. பரிகாரம் என்பது காயம் பட்டபின் இடும் மருந்து அல்லவா? அன்பு நிலைத்திருக்கும் நாளிலேயே பத்திரத்தில் இருவர் பெயரையும் எழுதுவோருக்கு அம்மருந்து தேவைப்படாது. பாவு ஒருவர் கையும் ஊடை மற்றவர் கையுமாக நெய்த துணியைப் பின்னர் பிரித்துப் பங்கிடுவது எளிதன்று என்பதை நெசவாளர் நன்கறிவர்.