புல்லுக்குத் தண்ணீர் விட்டது யார்?



கோடை வந்தால் ஒஸ்லோவில் வீட்டுக்கு வீடு புல் வெட்டும் சத்தம்தான். உங்களில் சிலர் அயல்வீட்டுப் புல்லை வெட்டிக் கைச்செலவுக்குக் காசு உழைப்பீர்கள். சிலருடைய வீட்டில், தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய்களைப் பூட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். இதில் என்ன வரலாறு என்று கேட்காதீர்கள். தண்ணீர் விட்ட மனிதர்களின் வரலாறு இதில் இருக்கிறது. அதில் எங்கட யாழ்ப்பாணமும் வருகிறது.

முதலில் புல்வெளியைப் பார்ப்போம். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்தரைகள் இருந்தன. எதையும் விளைவிக்காமல் இவ்வளவு நிலத்தைச் சும்மா வைத்திருக்க என்னால் முடியும் என்று காட்டும் பெருமை அது. ஆடுகள் மேய்ந்தன, கூலியாட்கள் நீண்ட அரிவாளால் வெட்டினார்கள். 1830இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு புல்வெளி மெல்ல மெல்லச் சாதாரண வீடுகளுக்கும் இறங்கி வந்தது.

ஒஸ்லோவிலும் அப்படித்தான். 1849இல் திறக்கப்பட்ட அரண்மனையைச் சுற்றி அரச பூங்கா அமைந்தது. 1915க்கும் 1922க்கும் இடையில் உல்லவோல் ஹாகெபி என்ற தோட்டக் குடியிருப்பு எழுந்தது. தொழிலாளர் குடும்பங்களும் சிறு தோட்டத்தோடு வாழவேண்டும் என்பது அதன் தொடக்க எண்ணம். கடைசியில் அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடி நீராகத் தங்கும். அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வளர்த்தார்கள். இறைக்க உதவியது துலா. ஒரு கம்பத்தின் மேல் நீண்ட மரம் ஒன்று தராசுபோல ஏறி இறங்கும். அந்த மரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் நிற்பவர், பனையோலையில் இழைத்த பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவார்.

என் அப்பா சின்ன வயதில் துலா மிதித்தவர். கால் தவறினால் விழவேண்டியதுதான் என்பார். எந்தப் பாத்தி எவ்வளவு குடிக்கும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அனுபவத்தில் வந்த அறிவு. இதற்கென்றே கூலிக்கு ஆட்களை அழைப்பார்கள். அவர்கள்தான் எங்கட ஊரின் நீர்ப்பாசன நிபுணர்கள்.

ஆனால் இந்தக் கதையில் பெருமை மட்டும் இல்லை. கூலிக்கு இறைத்தவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். பயிருக்காக நூற்றுக்கணக்கான பட்டை தண்ணீர் இறைத்தவர், தன் வீட்டுத் தேவைக்கு உயர்சாதியினரின் கிணற்றில் ஒரு வாளி அள்ள முடியாது. யாராவது ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் தேநீர்க்கடைக்குள் போகப் போராட்டம், கோயிலுக்குள் போகப் போராட்டம். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர்க் கதை சொல்லும்போது எங்கட வீடுகளில் பலரும் தாண்டிப் போகிற பக்கம் இது.

பிறகு மண்ணெண்ணெய்ப் பம்புகள் வந்தன, துலாக்கள் குறைந்தன. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள் கிடைக்காதபோது, தண்ணீர் தானாக வருவதில்லை என்பதை ஊர் மறுபடியும் உணர்ந்தது.

ஒஸ்லோவும் அதை உணர்ந்த ஆண்டு 2018. அந்தக் கோடையில் மழை பொய்த்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கட்டுப்பாடு வந்தது, புல்வெளிகள் வைக்கோல் நிறமாகின. 2022இலும் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி நகரசபை கேட்டது. நாங்கள் குடிக்கும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி மாரிடால்ஸ்வன்னெ என்ற ஒரே ஏரியிலிருந்து வருகிறது. புல்லுக்குத் தெளிப்பதும் அதே சுத்திகரித்த குடிநீர்தான். ஹோல்ஸ்ஃபியோர்டன் ஏரியிலிருந்து பாறையைக் குடைந்து இரண்டாவது வழி அமைக்க முடிவெடுத்தது இதனால்தான்.

ஆகவே புல்லுக்கு நீர் விடுவதற்கும் அறிவு வேண்டும். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, காலையில், ஆழமாக விடுங்கள். வரட்சியான வாரத்தில் மொத்தம் 25 மில்லிமீற்றர் போதும். புல்வெளியில் நாலைந்து வெறும் பேணிகளை வைத்தால் எவ்வளவு விழுகிறது, எங்கே விழவில்லை என்று தெரிந்துவிடும். வெயில் காலத்தில் ஒட்ட வெட்டாதீர்கள். பழுப்பான புல் பெரும்பாலும் சாகவில்லை, உறங்குகிறது. மழை வந்தால் எழும்பும்.

குழாய் பூட்ட ஆளைக் கூப்பிடுவதென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு உண்டா? பிரதான குழாயோடு இணைப்பவர் தகுதி பெற்ற ரோர்லெக்கரா? இலையுதிர் காலத்தில் காற்றடித்துக் குழாயில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற யார் வருவார்? இந்த மூன்றாவதை மறந்தால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். தோட்டவேலைக்கு அன்லெக்ஸ்கார்ட்னர் என்ற முறையான தொழிற்கல்வியே நோர்வேயில் இருக்கிறது. பள்ளியில் இரண்டு ஆண்டு, வேலையில் பயிற்சி இரண்டு ஆண்டு. உங்களில் யாராவது அதைப் படிக்க விரும்பினால் வீட்டில் தயங்காமல் சொல்லுங்கள். டொக்டர், இஞ்சினியர் மட்டும் படிப்பில்லை.

கூலியையும் ஒழுங்காகக் கொடுங்கள். 10,000 குரோனருக்கு மேற்பட்ட வேலைக்கு வங்கி வழியாகவே பணம் செலுத்தச் சொல்லுங்கள். கையில் கொடுத்து, செய்தவர் வரி கட்டாமல் விட்டால் அந்தப் பொறுப்பு உங்கள் வீட்டின் தலையிலும் விழலாம்.

சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். வேலை செய்ய வருபவர் போலந்துக்காரரோ, எரித்திரியரோ, எங்கட ஆளோ, வந்தவுடன் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். வீட்டில் நீங்கள் குடிக்கிற அதே கிளாசில்.