டிராகனுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர்



உங்கள் பிள்ளைகள் செல்போன் விளையாட்டில் வெட்டிச் சாய்க்கும் டிராகன் நெருப்பைக் கக்கும், பறக்கும். அது கற்பனை. ஆனால் அதே சாயலில் ஒரு பிராணி இந்தோனேசியாவின் கொமோடோ தீவில் நிஜமாகவே உண்டு. நம் ஊர் உடும்புக்கு அது சொந்தம்தான். 3 மீட்டர் வரை வளரும். மானையும் எருமையையும்கூட வேட்டையாடும்.

1910-இல் இந்த ‘தரை முதலை’யைப் பற்றிக் கேள்விப்பட்ட வான் ஸ்டெய்ன் என்ற டச்சு அதிகாரி தீவுக்குப் போய் ஒன்றைக் கொன்றார். அதன் தோலையும் படத்தையும் ஜாவாவிலிருந்த விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அதன் இயக்குநர் பீட்டர் ஓவென்ஸ் 1912-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

இதைத்தான் ‘கண்டுபிடிப்பு’ என்கிறோம். ஆனால் தீவு மக்களுக்கு அது புதிதல்ல. ‘ஓரா’ என்று பெயர் வைத்து, அதன் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் அவர்கள். வரலாறு படிக்கும்போது ‘கண்டுபிடித்தார்’ என்று வந்தால், ‘யாருக்குப் புதிது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

1980-இல் அங்கே தேசியப் பூங்கா அமைத்தார்கள். ஆனாலும் கடல்மட்டம் உயர்வதால் அதன் வாழிடம் சுருங்கும் என்று அஞ்சி, 2021-இல் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்துவிட்டார்கள். விளையாட்டில் செத்த டிராகன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வரும், ஓரா வராது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.