சீனி இல்லாத பிள்ளைக்கு ஏன் இன்சுலின்?



ராத்தாவின் மகன் சின்ன வயதில் உம்மும்மாவின் பிரஷர் குளிசைகளை இனிப்பென்று விழுங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஏற்றப் போனார்கள். "சீனி வருத்தம் இல்லாத பிள்ளைக்கு இன்சுலினா?" என்று டொக்டரோடு சண்டைக்குப் போனவன் நான்தான். பிறகு வெட்கப்பட்டுத் தேடி வாசித்தேன். அந்த வரலாறு இதுதான்.

1921இல் கனடாவின் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு அது ஏற்றப்பட்டது. முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து சில நாட்களில் பலன் தந்தது. இன்சுலின் என்றால் சீனி வருத்தத்துக்கு மட்டும்தான் என்று என்னைப் போல் பலரும் நினைப்பதுண்டு.

பிறகு வெரபமில் போன்ற குளிசைகள் வந்தன. இவை கல்சியம் உயிரணுக்களுக்குள் போகும் வழியை அடைத்து பிரஷரைக் குறைக்கும். அளவு மிஞ்சினால் இதயத்துடிப்பே தளர்ந்துவிடும். வழமையான மருந்துகள் பல நேரம் கைகொடுக்கவில்லை.

1993இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி க்ளைன் குழுவினர், வெரபமில் ஏற்றிய நாய்களுக்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற மருந்துகளை விட அதுவே நன்றாக வேலை செய்தது. காரணம் இதுதான்: நல்ல இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத் துடிக்கும். நஞ்சேறிய இதயம் குளுக்கோஸைத் தேடும். ஆனால் அதே குளிசை கணையத்தையும் முடக்கி இன்சுலின் சுரப்பதைத் தடுக்கும். இரத்தத்தில் சீனி நிறைந்திருக்க, இதயம் பட்டினி கிடக்கும். இன்சுலின் அந்தக் கதவைத் திறக்கிறது.

1999இல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படிச் சிகிச்சை பெற்ற 5 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஐந்து பேரும் பிழைத்தார்கள். கொடுக்கும் அளவு, சீனி முற்றி ஆபத்தான நிலையில் வருபவருக்கு ஏற்றுவதை விட 10 மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். அதனால்தான் கூடவே குளுக்கோஸும் ஏற்றி, சீனியையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள். வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடிய வேலையல்ல இது.

எங்கள் பிள்ளை பிழைத்துக்கொண்டான், அல்ஹம்துலில்லாஹ். என்னுடைய வாதம் வீணாக்கிய நிமிடங்கள் மட்டும் இன்னும் மனதை உறுத்துகின்றன.

வீட்டில் பிரஷர் குளிசை இருந்தால் பூட்டி வையுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால், "நல்லாத்தானே விளையாடுறான்" என்று காத்திருக்காதீர்கள். சில குளிசைகள் மெதுவாகக் கரைந்து, பல மணித்தியாலம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். குளிசை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே இன்சுலின் என்றால், என்னைப் போல் சண்டை பிடிக்காதீர்கள்.