கன்னி வேட்டையும் ‘வில்லி’ என்னும் பெயரும்

முன்னுரை

2016 டிசம்பரில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின்வழிப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி தனக்கென ஒரு பழங்குடிப் பட்டியலை முதன்முதலாகப் பெற்றது. அதில் இடம்பெற்ற இனம் ஒன்றே. ‘வில்லி, வேட்டைக்காரன் ஆகியவற்றை உள்ளடக்கிய இருளர்’ என்பது அதன் பதிவு. அதற்கு முந்தைய 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியினர் எவரும் காட்டப்பெறவில்லை. மக்கள் இருந்தனர், பட்டியல்தான் இல்லை.

தவளக்குப்பம் முதலான அரியாங்குப்பம் வட்டாரத்து ஊர்கள் வயலும் தோப்பும் வீட்டுமனைகளும் கலந்த கடற்கரைச் சமவெளியைச் சார்ந்தவை. மான்கூட்டம் திரியும் காடு அங்கு இல்லை. எனினும் அப்பகுதிக்கு உரிய அரசாணையில் வில்லும் வேட்டையும் ஒரு மக்களின் பெயராக நிலைபெற்றுள்ளன. தொழில் நீங்கிய இடத்தில் பெயர் எஞ்சுவது புதிதன்று. ஆனால் இங்கே, பெயரை ஏற்கும் சட்டமுறையே அப்பெயர் சுட்டும் தொழிலைக் குற்றமாகவும் வைத்துள்ளது. வில்வேட்டையைத் தமிழ் மரபு எவ்வகை உரிமையாகக் கண்டது என்பதை அறிந்தாலன்றி இம்முரணின் கனம் புலப்படாது.

கன்னி வேட்டை

ஓர் இளைஞன் முதன்முறை வில்லேந்தி வேட்டைக்குச் செல்லும் நிகழ்வைத் தமிழில் மிக விரிவாகப் பதிவுசெய்தது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் புராணம் ஆகும். பக்தி நோக்கில் மட்டுமே பெரிதும் பயிலப்பட்டமையால், அதன் முற்பகுதியில் அமைந்த சமூகச் செய்திகள் உரிய கவனம் பெறவில்லை. பொத்தப்பி நாட்டு உடுப்பூரின் தலைவன் நாகன் முதுமையுற்றான். முறைப்படி நிகழ வேண்டிய வேட்டை தாழ்ந்தது. விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர்கள் திரண்டுவந்து முறையிட்டனர். தன்னால் முன்போல் இயலாது என்று கூறிய நாகன், மகன் திண்ணனைத் தலைவனாக ஏற்குமாறு அவர்களிடம் வேண்டினான். தேவராட்டி வரவழைக்கப்பட்டாள், காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டப்பட்டது. அதன்பின் நிகழ்வதே கன்னி வேட்டை.

இவ்வரிசை கருதத்தக்கது. வேட்டை இங்கே பொழுதுபோக்காகவோ தனிமனித வீரமாகவோ தொடங்கவில்லை. விளைபுனத்தைக் காக்கும் கடமையாகத் தொடங்குகிறது. மகன் தந்தையிடமிருந்து பெறுவதும் வெறும் வில்லன்று. குறிப்பிட்ட ஒரு மலைநிலத்தின்மீதான பொறுப்பு. அப்பொறுப்பு ஊரார் ஏற்ற பின்னரே அவனுக்கு உரியதாகிறது.

வேட்டைக்கு வரையறையும் உண்டு. யானைக்கன்றுகளைத் தொடராமை, சிறு குருளைகளைக் கொல்லாமை, சூல்கொண்ட பிணைகளை வருத்தாமை ஆகியவற்றைச் சேக்கிழார் எடுத்துரைக்கிறார். இது வேடரின் நடைமுறையா, சோழர் காலச் சைவப் புலவர் ஒருவர் அவர்க்கு ஏற்றிக்கூறிய அறமா என்று ஐயுறலாம். ஆயினும், இனப்பெருக்கத்திற்கு உரியவற்றை விட்டுவைப்பது ஒரே காட்டை ஆண்டுதோறும் நம்பி வாழ்வோர்க்குத் தேவையான ஒழுங்கு ஆதலின், முற்றிலும் கற்பனை என்று அதனை ஒதுக்க இயலாது. மற்றொன்று: அன்று வலையறுத்து ஓடிய பன்றியைத் திண்ணன் வீழ்த்தியது வில்லால் அன்று, சுரிகையால். வில்லின் பெயரால் தொடங்கிய வேட்டை கைவாளில் முடிகிறது. வேட்டையின் இயல்பு அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. அம்பு பட்ட விலங்கு உடனே வீழ்வது அரிது. அடிச்சுவடு பற்றித் தொடர்வதே வேட்டையின் பெரும்பகுதி. தான் எய்த விலங்கு இவ்வழி வந்ததோ எனத் தலைவன் தினைப்புனத்தில் வினவும் ‘கெடுதி வினாதல்’ என்னும் அகத்துறைக்கும் இவ்வுண்மையே அடிப்படை.

தொண்டை நாட்டு எயினர்

உடுப்பூர் இன்றைய ஆந்திரப் பகுதியைச் சார்ந்தது. புதுச்சேரிக்கு அணித்தான சான்று, தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அங்கே எயினர் குடிசையில் பிள்ளையீன்றவள் மான்தோல் படுக்கையில் கிடக்கிறாள். ஏனைய எயிற்றியர் இரும்புப்பூண் அமைந்த கோலால் நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி திரட்டுகின்றனர். ஆடவர் குழியில் ஒளிந்திருந்து பன்றியை எதிர்நோக்குகின்றனர். வட தமிழகச் சமவெளி இருளர் எலிவளைகளைத் தோண்டி அதில் சேர்ந்த நெல்லை எடுப்பது அண்மைக்காலம் வரை அறியப்பட்ட வழக்கம். இவ்வொப்புமை கொண்டு எயினரே இருளர் என்று துணிவது பிழை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைச் செயல் ஒற்றுமை ஒன்றால் நிரப்பவியலாது. வேட்டையும் அகழ்ந்துண்ணலும் ஒரே குடியின் இரு தொழில்களாக இந்நிலப்பரப்பில் அமைந்திருந்தன என்ற அளவில் கொள்வதே தகும்.

1909இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன், செங்கற்பட்டு இருளரை ‘வில்லியன்’ என்ற பெயரோடு குறித்து அதற்கு வில்லாளர் எனப் பொருள் கூறுகிறார். வில்லியனூர் என்னும் ஊர்ப்பெயரையும் இதனோடு இணைக்கத் தோன்றும். அவ்வூரின் பெயரை வில்வநல்லூர் என்பதன் திரிபாகக் கொள்ளும் மரபு இருத்தலின் அது தவிர்க்கத்தக்கது.

சட்டமும் பெயரும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் பெற்று வேட்டையாட ஓரளவு இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் நீக்கியது. சொந்த நிலத்தில் மேய வந்த மானாயினும் அதனை எய்வது குற்றமே. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுவழி உரிமைகளை ஏற்றபோதும், வேட்டையாடும் மரபுரிமையைப் பெயர் சொல்லி விலக்கியது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினரது வேட்டையுரிமையை மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு தொடாது விட்டது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 1911இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்ட யாகி இனத்தவரான இஷியிடம் வில்வேட்டை பயின்ற சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் 1923இல் அதுபற்றி நூல் எழுதினார். அதன்பின் வில்வேட்டை அங்கே பிறருக்கு உரிமத்துடன் கூடிய விளையாட்டாக வளர்ந்தது. கற்பித்தவர் 1916இலேயே மறைந்துவிட்டார். அங்கே தொழில் கைமாறிப் பிழைத்தது. இங்கே தொழில் விலக்கப்பட்டுப் பெயர் மட்டும் உரியவரிடம் நின்றது.

மான்களின் நோக்கில் தடை தேவையானதே என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சுமை சமமாக விழவில்லை. வேட்டையை விளையாட்டாகக் கொண்டோர் இழந்தது ஒரு பொழுதுபோக்கு. வேட்டையால் வாழ்ந்தோர் இழந்தது நிலத்தோடு தமக்கிருந்த பிணைப்பு. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின் 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அங்கே பழைய திறன் நஞ்செடுக்கும் தொழிலாக மாறி நின்றது. வில்லுக்கு அத்தகைய மாற்றுவழி எதுவும் கிட்டவில்லை.

தவளக்குப்பம் வழியாகத் தெற்கே கடலூர்ச் சாலையில் சென்றால் சற்றுத் தொலைவில் தமிழ்நாட்டு எல்லை தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘இருளர்’ என்ற பெயர் மட்டுமே உள்ளது. வில்லியும் வேட்டைக்காரனும் அதில் இல்லை. எல்லையின் இருபுறமும் உறவினரைக் கொண்ட குடும்பத்தில், வில்லின் பெயர் சட்டப்படி ஒரு கிளைக்கு உண்டு, மற்றதற்கு இல்லை.