லூர்து கெபியும் ஏழைகளின் பக்தியும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, பிரெனீஸ் மலையடிவாரத்தில், காவ் நதிக்கரையில் அமைந்த லூர்து என்னும் சிற்றூரில், 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், விறகு பொறுக்க மசபியேல் பாறைக்கெபி அருகே சென்ற பெர்நதெத் சுபிரு என்ற 14 வயதுச் சிறுமி, ஒளி சூழ்ந்த ஓர் இளநங்கையைத் தரிசித்ததாகக் கூறினாள். மாவாலை நடத்தி நொடித்துப்போன அவளுடைய தந்தை, கைதிகளுக்கும் ஆகாதென்று கைவிடப்பட்ட பழைய சிறையறை ஒன்றில் குடும்பத்தோடு குடியிருந்தார். அவளோ ஆஸ்துமா நோயால் நலிந்தவள், எழுத்தறியாதவள், புதுநன்மையும் பெறாதவள்.

ஜூலை 16 வரை 18 முறை அக்காட்சி நிகழ்ந்தது. பிப்ரவரி 25-இல் அவள் கையால் தோண்டிய இடத்தில் முதலில் சேறும் பின்னர் தெளிந்த ஊற்றும் சுரந்தன. பங்குக் குருவான பெய்ரமால் அந்நங்கையின் நாமத்தைக் கேட்டுவரும்படி வற்புறுத்தியிருக்க, மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, தாமே அமலோற்பவம் என்று அவர் அருளியதாகச் சிறுமி வந்து உரைத்தாள். அமலோற்பவத்தை, அதாவது தேவமாதா ஜென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்பதை, விசுவாச சத்தியமாகப் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்து அப்போது நான்காண்டுகூட நிறையவில்லை.

போலீஸ் அதிகாரி அவளை அதட்டி விசாரித்தார். ஜூன் மாதத்தில் கெபிக்கு வேலியிட்டு அடைத்தார்கள். ஜனங்களோ வேலியைப் பிடுங்கி எறிந்தும், ஆற்றின் அக்கரையில் முழந்தாளிட்டும் செபமாலை சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் தடை நீங்கிற்று. தார்ப் மறைமாவட்ட மேற்றிராணியார் லோரான்ஸ், விசாரணைக் குழு அமைத்து, நிதானமாக ஆராய்ந்த பின்னரே, 1862 ஜனவரியில் காட்சிகளை ஏற்று அறிக்கை விடுத்தார். அரசு தடுத்ததும் திருச்சபை தயங்கி ஆராய்ந்ததும் நடந்துகொண்டிருக்கையிலேயே, எளியோரின் பக்தி அவ்விடத்தைத் திருத்தலமாக ஆக்கிவிட்டது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

1866-இல் லூர்துக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் பெர்நதெத், புகழுக்கு விலகி, நெவேர் கன்னியர் மடத்தில் புகுந்தாள். 1879-இல், 35-ஆம் வயதில் மரித்த அவளுக்கு 1933-இல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. 1873-இல் தேசிய யாத்திரை தொடங்கியது; 1883-இல் குணமடைந்ததாகக் கூறுவோரைப் பரிசோதிக்க மருத்துவ நிலையம் எழுந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே புதுச்சேரியை அடுத்த வில்லியனூரிலும் லூர்து மாதாவுக்கு ஆலயம் அமைந்தது.

இத்தகைய காட்சிகளை நம்பியே தீரவேண்டுமென்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் ஜனங்கள் வருகிறார்கள். குணமடைவோர் மிகச் சிலரே என்றறிந்தும் வருகிற அவர்கள், உலகம் ஓரத்தில் ஒதுக்கிய பிணியாளரை அங்கே பவனியின் முன்னணியில் அமர்த்தி, திடகாத்திரர் அவர்களுக்கு ஊழியம் செய்யும் வழக்கத்தை நிலைநாட்டியிருக்கிறார்கள். நோய் தீர்ந்த அற்புதங்களை மருத்துவர் எண்ணிக் கணக்கிடட்டும்; வறியவளொருத்தியின் சொல்லை நம்பிய வறியோர் ஏற்படுத்திய இவ்வழக்கமே லூர்தின் தலையாய மகிமை என்பேன்.